சிலோன் தையல்

போன மாதம் கவிதா போன் செய்தாள். தையல் நிலையத்தில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த ஆசிரியை அவள். “டீச்சர், நிலையத்துக்கு மலர் ஒண்ணு போடறமுங்க. நீங்க கட்டாயம் எழுதோணும். இனிமையான நினைவுகளா நாலு பக்கம் குடுத்தாப் போதுங்க” என்றாள். இனிமையான நினைவு என்ன, மளிகைக் கடையில் நிறுத்து வாங்கும் சரக்கா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, நேரில் வருகிறேன் என்றேன்.

போனேன். பந்தலூர் கடைவீதியிலிருந்து மேடேறும் அதே பாதைதான். ஓட்டுக் கட்டடம் போய் கான்கிரீட் வந்துவிட்டது. மிதி மிஷின் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கரண்டில் ஓடுகிறது. நல்லதுதான், இந்தப் பெண்களின் முழங்கால் பிழைத்தது. நான் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது, ஒருத்தி தைத்த துணியை இன்னொருத்தி பிடுங்கிப் பார்த்து, “அய்யே, சிலோன் தையல்!” என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. “ஏங்கண்ணு, அப்படீன்னா என்ன?” என்று கேட்டேன்.

“கோணத் தையலுங்க டீச்சர். அப்படித்தானுங்க சொல்லுவாங்க.”

“யாரு சொன்னா?”

“எல்லாருந்தானுங்க.”

அந்தச் சொல்லைச் சொன்னவளைப் பற்றிக் கவிதாவிடம் விசாரித்தேன். அவளுடைய தாத்தாவே இலங்கையிலிருந்து கப்பலில் வந்து ராமேசுவரத்தில் இறங்கியவராம். தன் தாத்தாவைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே திட்டுகிறது அந்தப் பிள்ளை. ஆனால் எனக்குத் தெரியும். அந்தச் சொல் எந்த வாயில் பிறந்தது, எந்த ஜன்னல் பக்கத்தில் பிறந்தது என்று தெரியும். பிறந்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இனிமையான நினைவு கேட்டார்கள் அல்லவா, இந்தாருங்கள்.

எழுபதுகளில் அந்த நிலையம் தொடங்கியபோது முதல் அணியில் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வந்து பந்தலூரில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருந்தார் என் அப்பா. பத்தாவதில் கோட்டைவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைவீதிப் பெண்கள் நாலு பேர். மற்ற எட்டுப் பேரும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்தவர்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். எங்களுக்குத் தையல் பொழுதுபோக்கு. அவர்களுக்கு அது அட்டைக்கடியிலிருந்தும் கொழுந்துக் கூடையிலிருந்தும் தப்பிக்க இருந்த ஒரே வாசல். ஓராண்டு முடித்துச் சான்றிதழ் வாங்கினால் நிலையத்திலேயே தையல் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

வேலுச்சாமி மாஸ்டர்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். சமவெளியிலிருந்து வந்தவர். பந்தலூர் மழையிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கழுத்தில் டேப்பு, கையில் மர ஸ்கேல். அவருடைய பெரிய கத்திரிக்குத் தோலில் உறை வைத்திருந்தார், சாமிக்குப் பட்டு சாத்துகிற மாதிரி. அதை நாங்கள் யாரும் தொடக் கூடாது. “கத்திரி ஆம்பளக் கைக்குத்தான் கட்டுப்படும். பொம்பளைங்களுக்கு நேர்த் தையல், காஜா, பட்டன். அது போதும்” என்பார். ஓராண்டுப் பயிற்சியில் துணி வெட்டுவதை நாங்கள் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. ‘வெட்டுதல்’ என்று பாடத்திட்டத்தில் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

நேர்த் தையலை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். அதை மறைக்க மாட்டேன். முதல் வாரம் ஊசியையே கழற்றிவிட்டார். வெறும் மிதி. வலது கையால் சக்கரத்தை நம் பக்கமாகத் திருப்பிவிட்டு, விரலும் குதிகாலும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். தாளம் தப்பினால் சக்கரம் பின்னால் ஓடும். நூல் கோத்திருந்தால் அங்கேயே அறுந்துவிடும். அடுத்து ஊசியை மாட்டி, நூல் இல்லாமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்குக் கீழே கொடுப்பார். ஊசி குத்தும் ஓட்டை எல்லாம் கோட்டின் மேலேயே விழ வேண்டும். தைத்து முடித்த தாளை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடிப்பார். ஓட்டை வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கோட்டை விட்டு ஒரு புள்ளி விலகினாலும் ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும்.

ஊசியைப் பார்த்தால் தையல் ஆடும். துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கால் இருக்கிறதே, அதன் வலது ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். துணியை இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. கீழே இருக்கும் பல் அதைத் தானாக நகர்த்திக்கொண்டு போகும். நம் கைக்கு வழி காட்டும் வேலை மட்டும்தான். இதைத் தலைக்குச் சொல்லிவிடலாம். கைக்குப் புரிய ஒரு மாதம் ஆகும்.

லயத்திலிருந்து வந்த ராமாயி என்பவளுக்கு இது முதலில் வரவே இல்லை. அவள் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பதினோரு வயதிலிருந்து அம்மாவோடு கொழுந்து பறித்தவள். அந்தக் கைக்கு இழுத்துத்தான் பழக்கம். தாளைக் கொடுத்தால் இரண்டு கையும் சேர்ந்து பிடுங்கும். அவளுடைய முதல் தாளை மாஸ்டர் ஜன்னலில் பிடித்தார். புள்ளிகள் கோட்டை விட்டு இறங்கி, ஏறி, பக்கத்துக் கோட்டுக்கே போய்விட்டன.

“என்ன தாயி இது? கப்பல்ல ஆடிட்டே வந்த தையலா? இது சிலோன் தையலு!”

வகுப்பே சிரித்தது. லயத்துப் பெண்கள் சிரித்தார்களா என்று எனக்கு நினைவில்லை. நான் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. அன்றிலிருந்து யாருடைய தையல் கோணினாலும் அதற்கு அந்தப் பெயர்தான். கடைவீதிப் பெண் கோணலாகத் தைத்தால்கூட “என்னம்மிணி, நீயும் சிலோன் தையல் போடறே?” என்பார். அதாவது நாங்கள் கோணலாகத் தைத்தாலும் பழி அவர்களுக்கு. இந்த நியாயத்தை என்னவென்று சொல்ல!

ஒரே மாதத்தில் ராமாயி எங்கள் எல்லாரையும் தாண்டிப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதிப்பாள். கால் சொல்வது மிஷினுக்குக் கேட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு துண்டு பிளாஸ்திரி வாங்கி வந்து, ஊசியிலிருந்து சரியாக அரை இஞ்சு தள்ளி மிஷின் தகட்டில் ஒட்டினாள். துணியின் ஓரம் அந்தப் பிளாஸ்திரியை உரசிக்கொண்டு போனால் தையல் ஒரே அளவில் விழும். மாஸ்டர் அதைப் பார்த்ததும் நகத்தால் கிள்ளி எறிந்தார். “ஏமாத்து வேலை” என்றார். இன்றைக்கு வரும் மிஷின்களில் அதே இடத்தில் கம்பெனிக்காரனே கோடு போட்டு அனுப்புகிறான். அதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை. பிளாஸ்திரி போன பிறகும் ராமாயியின் தையல் அரை இஞ்சை விட்டு நகரவில்லை.

ஒன்பதாவது மாதம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளுக்குப் பைஜாமா தைத்துத் தரச் சொல்லி ஆர்டர் வந்தது. கஞ்சி போட்ட வெள்ளைக் காடாத் துணி. பைஜாமா என்பது முழுக்க முழுக்க நேர்த் தையல். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளமாக ஓட வேண்டும். வெட்டுவது மாஸ்டர், தைப்பது நாங்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். தைத்த உருப்படியின் இடுப்புப் பட்டைக்கு உள்ளே மையில் எழுதிவிடுவோம். எனக்கு நாலு, ராமாயிக்கு ஏழு.

மாஸ்டர் வெட்டுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். துணிக்கு இரண்டு பக்கமும் கரை இருக்கும். நீளவாக்கு நூல் அந்தக் கரையை ஒட்டியே ஓடும். வெட்டுவதற்கான அளவு அட்டையைக் கரைக்கு நேராக வைத்தால்தான் நூல் காலின் நீளத்துக்கு நேராக நிற்கும். மாஸ்டர் அட்டையைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். ஒரு தானில், ஒரு முழுச் சுருள் துணியில், மற்றவர்களை விட ஒரு பைஜாமா கூடுதலாக எடுப்பேன் என்பது அவருடைய பெருமை.

“ஏனுங்க மாஸ்டர், கரைக்கு நேரா வைக்கலீங்களே?” என்று கேட்டுவிட்டேன்.

“உங்கப்பா கடையில கிழிக்கறது துணி, அம்மிணி. இங்க நான் வெட்டறது கட்டிங்கு. போய் உக்காரு.”

உட்கார்ந்தேன். தைத்தோம். கஞ்சி விறைப்பில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. மடித்துக் கட்டி அனுப்பினோம்.

ஒரு சலவை முடிந்ததும் பொதியாகத் திரும்பி வந்தன. கஞ்சி போனதும் நூல் தன் போக்குக்கு முறுக்கிக்கொண்டுவிட்டது. பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் முழங்காலுக்குக் கீழே திரும்பி, முன்னெலும்பின் மேல் வந்து நின்றது. போட்டவன் ஒரு பக்கம் நடக்க, பைஜாமா ஒரு பக்கம் நடக்கும். ‘தையல் கோணல்’ என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதிச் சேர்த்திருந்தார்கள்.

அன்று ஜன்னல் திறக்கும் முறை என்னுடையது. சீக்கிரமே போனேன். மாஸ்டர் தனியாக உட்கார்ந்து இடுப்புப் பட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பைஜாமாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் எல்லாம் மேஜை மேல். மற்ற நம்பர் எல்லாம் மேஜைக்கு அடியில் ஒரு சாக்கில். என் நாலாம் நம்பர் சாக்குக்குள் போவதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“உங்கப்பா மூஞ்சிக்காகத்தான் அம்மிணி” என்றார்.

நான் ஜன்னலைத் திறந்துவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.

எல்லாரும் வந்ததும் ராமாயியை நிற்க வைத்தார். ஒரு பைஜாமாவைத் தூக்கிப் பிடித்தார். “பாத்துக்கங்க எல்லாரும். இதுதான் சிலோன் தையலு. நெலையத்து மானமே போச்சு.”

“சும்மா கதைக்காதீங்க மாஸ்டர். நான் நேராத்தான் தச்சேன்.”

“அப்ப இந்தத் துணி பொய் சொல்லுதா?”

“அது எனக்குத் தெரியாது. தச்சது நேரு.”

அவள் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே கோத்திருந்த ஊசியில். மாஸ்டர் வருகைப் பதிவேட்டை இழுத்து, அவள் பெயருக்கு நேரே ‘தையல் நேரில்லை, நீக்கப்பட்டார்’ என்று எழுதினார். சான்றிதழுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மழையில் கோணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். “நமக்கெதுக்கு சாமி ஊர் வம்பு? பொழைக்க வந்த எடம்” என்றார் அப்பா. எங்கள் அப்பா பிழைக்க வந்தவர், சரி. ராமாயி மட்டும் மலையைச் சுற்றிப் பார்க்க வந்தாளா? மூன்றாம் நாள் சாயங்காலம் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அப்பா துணி கொடுத்தார். ஓரத்தில் கத்திரியால் ஒரு நறுக்கு, அப்புறம் இரண்டு கையால் சர்ரென்று ஒரு கிழி. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். துணிக்கடையில் வெட்ட மாட்டார்கள், கிழிப்பார்கள். கத்திரி கை போன பக்கம் போகும், கிழிசல் நூல் போன பக்கம்தான் போகும். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

மறுநாள் ஊட்டியிலிருந்து அதிகாரியம்மா ஒருவர் ஆய்வுக்கு வந்தார். மாஸ்டர் ஏழாம் நம்பர்களைக் காட்டி, “ஒரு பொண்ணு பண்ணின கோளாறுங்க மேடம். நீக்கியாச்சு” என்றார். என் கால் என்னைக் கேட்காமலே எழுந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து சாக்கை இழுத்தேன்.

“மேடம், இதுல நாலாம் நம்பரு இருக்குதுங்க. அது நானுங்க. என்னுதும் கோணல்தானுங்க. எல்லா நம்பருமே கோணல்தானுங்க.”

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஜை மேல் அவருடைய கத்திரி இருந்தது. எடுத்தேன். ராமாயியின் பைஜாமா ஒன்றில், தையலிலிருந்து நாலு விரல் தள்ளி, காலடி மடிப்பில் ஒரு நறுக்கு. கத்திரியை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். நேராக வெட்டிய துணி என்றால் கிழிசல் தையலுக்குப் பக்கத்திலேயே, அதே நாலு விரல் தூரத்தில் இடுப்பு வரை போக வேண்டும். இது சாய்ந்து சாய்ந்து போய் முழங்கால் உயரத்தில் தையலில் முட்டி நின்றது. என்னுடையதில் ஒன்றை எடுத்து அதையும் கிழித்தேன். அதே இடத்தில் அதே மாதிரி முட்டியது.

“கவர்மெண்டு துணியை எதுக்கும்மா கிழிக்கிறே?” என்றார் அதிகாரியம்மா.

“தையலை அளந்து பாருங்க மேடம். வெட்டின ஓரத்துல இருந்து அரை இஞ்சு. எங்க வேணும்னாலும் அளங்க. ஓரமே கோணலா வெட்டினதுங்க.”

அளந்தார். மாஸ்டரின் கழுத்திலிருந்தே டேப்பை வாங்கி, ராமாயியின் தையலைப் பத்து இடத்தில் அளந்தார். பத்திலும் அரை இஞ்சு. மாஸ்டர் சட்டையில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு நின்றார்.

உண்மை தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! அறிக்கையில் ‘துணியின் தன்மை காரணமாக’ என்று எழுதினார்கள். துணிக்கு வாயில்லை, எதிர்த்துப் பேசாது. மாஸ்டர் சில மாதத்தில் ஊட்டிக்கு, பெரிய நிலையத்துக்கு, மாற்றலாகிப் போனார். அதைத் தண்டனை என்று நினைப்பவர்கள் பந்தலூர் மழையில் ஒரு ஆடி மாதம் இருந்து பார்க்க வேண்டும். தண்டனை எனக்குத்தான் வந்தது. இரண்டு பைஜாமாவைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ.

ராமாயிக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ‘மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரே ஒரு வரி. நான்தான் எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். அவள் அம்மாவின் கொழுந்துக் கூடைக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், தன் தலையில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. நான் படித்துக் காட்டினேன்.

“நேராத்தான் தச்சேன்னு எழுதியிருக்கா?”

“அது இல்ல. ஆனா வரச் சொல்லிட்டாங்கல்ல?”

“அப்ப மன்னிச்சு சேத்துக்கிறாங்களா? நான் என்னா தப்பு செஞ்சேன், மன்னிக்க?”

“அதையெல்லாம் பாக்காதே ராமாயி. மூணு மாசந்தான். சர்டிபிகேட்டு கைக்கு வந்துரும்.”

“ராமாயி நேராத்தான் தச்சான்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. வாறேன். அது இல்லாம என்னால ஏலாது.”

அதிகாரியம்மா மறுபடி வந்தபோது கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா” என்றார். வராதவளுக்குக் கட்டம் உண்டு, நீக்கப்பட்டவளுக்குக் கட்டம் உண்டு. நேராகத் தைத்தவளுக்குக் கட்டம் இல்லை.

ராமாயி வரவில்லை. கொழுந்துக்குப் போனாள், முப்பது வருஷத்துக்கு மேல் போனாள். நான் சான்றிதழ் வாங்கினேன், பிறகு அதே நிலையத்தில் ஆசிரியை ஆனேன். முதல் நாள் வகுப்பிலேயே எல்லாப் பெண்களின் கையிலும் கத்திரியைக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்துக் கிழித்துப் பார்க்கச் சொன்னேன். வீண் செலவு என்று தணிக்கையில் எழுதினார்கள், அந்தத் தாள்களை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொண்டேன். சிலோன் தையல் என்று என் காதுபட யாரையும் சொல்ல விட்டதில்லை. என் முதுகுக்குப் பின்னால் அது உயிரோடுதான் இருந்திருக்கிறது என்று போன மாதம் தெரிந்துகொண்டேன்.

வழியில் பார்த்தால் ராமாயி நின்று பேசுவாள். மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், போனேன். தையலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பிள்ளைகளின் சட்டை பிரிந்தால்கூடக் கடையில் கொடுத்துத்தான் தைப்பாள்.

இத்தனை பேர் மேல் கோபப்படுகிற நான் என்ன செய்தேன்? அந்தப் பதிவேடு நான் ஓய்வு பெறும் வரை என் அலமாரியில்தான் இருந்தது. சாவி என் இடுப்பில், பேனா என் கையில். பழைய பதிவைத் திருத்தக் கூடாது என்பது விதி. வேலை போய்விடும் என்று பயந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டிவிட்டு அப்படியே வைத்தேன். மாஸ்டர் எழுதிய வரியை இத்தனை வருஷம் பத்திரமாகக் காப்பாற்றியது வேறு யாரும் இல்லை, நான்தான். இப்போது அந்தப் பதிவேடும் இல்லை. கட்டடம் இடித்தபோது பழைய தாளோடு தாளாகப் போய்விட்டது என்கிறாள் கவிதா.

அதனால் இந்த மலரில் எழுதுகிறேன். எங்கள் நிலையத்தின் முதல் அணியில் ஏழாம் நம்பர் ராமாயி நேராகத்தான் தைத்தாள். பத்து இடத்தில் அளந்தும் அரை இஞ்சு மாறவில்லை. கோணல், வெட்டில் இருந்தது. அது தெரிந்தும் மூன்று நாள் பேசாமல் இருந்தவளும், பிறகு இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தவளும் நான்.

கவிதா, ராமாயி இப்போது நாடுகாணியில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் சரியாகத் தெரிவதில்லை. மலர் அச்சாகி வந்ததும் நானே கொண்டுபோய் அவள் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கப்போகிறேன். நாலு பக்கத்துக்கு மேல் போய்விட்டது என்று எதையாவது வெட்டத்தான் வேண்டும் என்றால், நான் தையல் கற்ற கதையை வெட்டிக்கொள். ராமாயி நேராகத்தான் தைத்தாள் என்று எழுதிய அந்தப் பத்தியில் மட்டும் கத்திரி வைக்காதே.